விரலக் காட்டுங்க முசியே

முதலியார்பேட்டையில் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் கட்டுகிற கடை ஒன்று உண்டு. அது என்னுடையது. கடை திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டான். வாடிக்கையாளர்கள் யாரையும் விசாரிக்கமாட்டார்கள். எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நேரே எதிர்ப்பக்கம் சத்தம் வரும் இடத்துக்கு வருவார்கள். அது செல்வாம்பாளின் டீக்கடை. சத்தம் என்னுடையது.

எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் கருத்து உண்டு. கருத்து இல்லாத விஷயம் ஒன்று அகப்பட்டால், அதைப் பற்றி எனக்கு ஏன் கருத்து இல்லை என்று அரைமணி நேரம் பேசுவேன். என் மனைவி நிர்மலா மீன் வாங்கிவரச் சொல்லிப் பையைக் கொடுத்து அனுப்புவாள். நான் மீன்காரம்மாவிடம் டீசல் விலையில் ஆரம்பித்து, விசைப்படகுக்குப் போய், மத்திய அரசின் கடல் கொள்கையில் கரையேறுவேன். அதற்குள் மீன் விற்றுத் தீர்ந்திருக்கும். வெறும் பையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அன்றைக்கு ரசமும் அப்பளமும்தான்.

செல்வாம்பாள் கடைச் சுவரில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று ஒரு போர்டு தொங்குகிறது. எனக்காகவே எழுதி மாட்டியது. அதற்கு நேர் கீழே இருக்கிற பெஞ்சில்தான் நான் உட்காருவேன். அங்கே உட்கார்ந்தால் போர்டு என் கண்ணில் படாது.

இவ்வளவு பேசுகிறவன் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால், அதுதான் வேடிக்கை. நான் பிரெஞ்சுக் குடிமகன். பாண்டியில் இது ஒன்றும் அதிசயமில்லை, தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். மற்றவர்கள் வீட்டில் யாராவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, சண்டை போட்டு, மெடல் வாங்கி அந்தக் குடியுரிமையைச் சம்பாதித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் என் அப்பா வரிசையில் நின்று வாங்கினார். அவருக்கு வரிசை என்றால் உயிர். எங்கே வரிசையைக் கண்டாலும் கடைசியில் போய் நின்றுவிடுவார். எதற்கு என்று பிறகுதான் கேட்பார். அறுபத்திரண்டில், பிரான்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தபோது ஒரு நல்ல வரிசை உருவாகியிருக்கிறது. முன்னால் நின்றவரிடம் அப்பா கேட்டிருக்கிறார். "நல்லதுக்குத்தான்" என்றாராம் அவர். அன்று காலையில் கோலி விளையாடப் போன பையன் நான், சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பிரெஞ்சுக்காரனாக நிலைத்துவிட்டிருந்தேன்.

பிரான்சை நான் பார்த்ததில்லை. ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி விழுப்புரம் ரோட்டில் பஸ் போனாலே எனக்குத் தலை சுற்றும். என் பிரெஞ்சு மொத்தம் நாலு வார்த்தை: போன்ழூர், மெர்சி, பர்தோன். நாலாவது மறந்துவிட்டது. பிரெஞ்சு மாப்பிள்ளை, கட்டாயம் பாரீசுக்குக் கூட்டிப்போவான் என்று நம்பித்தான் பாகூர்ப் பக்கத்து விவசாயியான என் மாமனார் பெண்ணைக் கொடுத்தார். நான் அவளைக் கூட்டிப்போன அதிகபட்ச தூரம் சிதம்பரம். நிர்மலா அசல் இந்தியக் குடிமகள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அமைதியாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவாள். "யாருக்குப் போட்ட?" என்று நான் வாசலிலேயே மறித்துக் கேட்பேன். "மாவு பொங்கிடும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவாள். இருபத்தைந்து வருஷமாக இதே பதில்தான். ஓட்டு இருக்கிறவள் பேசமாட்டாள், பேசுகிறவனுக்கு ஓட்டு இல்லை. எங்கள் குடித்தனம் இப்படித்தான் நடந்தது.

இரண்டாயிரத்து நாலில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. நாடு ஒளிர்கிறது என்று டி.வி.யில் சொன்னார்கள். நான் நாட்டு நிலைமையை எரிந்த காயில்களை வைத்துக் கணிக்கிறவன். வோல்டேஜ் சரியில்லாமல் வாரத்துக்கு இத்தனை மோட்டார் எரிந்து வருகிறதே, இதில் எங்கே ஒளிர்கிறது என்று ஒரு மாதம் கத்தினேன். கத்திக் கத்தி, இன்ன கட்சிதான் ஜெயிக்கும், இத்தனை சீட்டுதான் கிடைக்கும் என்று மாநிலம் மாநிலமாகச் சொன்னேன். பிற்பாடு ஒன்றுகூடப் பலிக்கவில்லை. ஆனால் என்னைச் சந்தி சிரிக்க வைத்தது அதுவல்ல.

வாக்குப்பதிவு நாள் சாயங்காலம். வெயில் இறங்கியிருந்தது. பெஞ்சில் வழக்கமான ஆட்கள். கடிகாரம் பழுதுபார்க்கிற ஜமால் பாய், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கலியபெருமாள், நான். பாய் அசதியாகக் கொட்டாவி விட்டுக்கொண்டே, "நான் இந்த வாட்டி போவல. வெயிலுக்குப் பயந்து படுத்துத் தூங்கிட்டேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். எழுந்து நின்றுவிட்டேன். ஓட்டுரிமைக்காக உலகத்தில் எத்தனை பேர் ரத்தம் சிந்தினார்கள், பெண்களுக்கு எத்தனை வருஷம் கழித்து அது கிடைத்தது, தூங்குகிற குடிமகனால் ஒரு நாடு எப்படிச் சீரழியும் என்று அடுக்கினேன். ரோட்டில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். ஆள் சேர்ந்தால் எனக்குக் குரல் ஏறும். கடைசியாகப் பெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

"ஓட்டுப் போடாதவனுக்கு நாட்டப் பத்திப் பேச வாயே கெடயாது பாய்! வாயே கெடயாது!"

ஜமால் பாய் தலையைக் குனிந்துகொண்டார். கலியபெருமாள் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எந்தத் தேர்தலானாலும் காலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடியில் முதல் ஆள் அவர்தான். ஒருமுறை காலில் மாவுக்கட்டோடு மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து போட்டார். மை வைத்த விரலை ஒரு வாரத்துக்கு மோதிரம் போட்டவர் மாதிரி நீட்டிக்கொண்டே திரிவார். 'டிக்கெட் எடுக்காதவன் வண்டியப் பத்திக் கொற சொல்லக் கூடாது' என்பது அவர் கட்சி.

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க முசியே" என்றார். என்னை அப்படித்தான், பிரெஞ்சில் 'ஐயா' என்று கூப்பிடுவார், கிண்டலுக்கு. "எங்க, உங்க விரலக் காட்டுங்க."

என் விரல்களைப் பார்த்தேன். காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் கறை எல்லா விரலிலும் இருந்தது. ஆனால் இந்திய அரசு பத்து விரலுக்கும் மை வைப்பதில்லை. நான் பிரெஞ்சுக்காரன் என்பது அந்தப் பெஞ்சில் எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் எனக்கு இங்கே ஓட்டு இல்லை என்பது மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை. என் சத்தத்தில் எனக்கே தோன்றியதில்லை.

"எனக்கு... இங்க இல்ல..." என்றேன்.

"அப்ப வாயி?" என்றார் கலியபெருமாள்.

செல்வாம்பாள் பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நாங்க யாரும் சொல்லலீங்க. நீங்க போட்ட சட்டந்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழைக்காலத்தில் மட்டும்தான் அந்த ஆபத்து.

அன்றிலிருந்து எனக்கு வாய்ப்பூட்டு. பெஞ்சில் உட்காரலாம், டீ குடிக்கலாம், கிரிக்கெட் பேசலாம். மழை இல்லையே என்று சொல்லலாம். மழை இல்லாததற்கு யார் காரணம் என்று ஆரம்பித்தால் மூன்று பேரும் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். செல்வாம்பாள் கரண்டியோடு சேர்த்துத் தூக்குவாள். நான் வாயை மூடிக்கொள்வேன். ஜமால் பாய்க்கும் அந்தத் தேர்தலில் மை இல்லையே என்று கேட்டுப் பார்த்தேன். "அவருக்கு அடுத்த வாட்டி ஓட்டு இருக்கு, உங்களுக்கு இன்னா இருக்கு?" என்றார் கலியபெருமாள்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. நடுவில் சட்டமன்றத் தேர்தல் வந்து போனது. அதே வருஷம், முப்பத்தெட்டு வருஷம் கழித்துப் பாண்டியில் நகராட்சித் தேர்தல் வந்தது. முப்பத்தெட்டு வருஷத்துக்கான கருத்து என்னிடம் சேர்ந்திருந்தது. அத்தனையும் டீயோடு சேர்த்து விழுங்கினேன். பேச்சுரிமை, கருத்துச் சுதந்திரம் என்பதெல்லாம் ஏதோ பத்திரிகைக்காரர்கள் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு பெஞ்சில் நாலு பேருக்கு நடுவில் இருக்கிற சமாசாரம் என்று அப்போதுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனால் கடையில் வேலை நன்றாக நடந்தது. சொன்ன தேதியில் மோட்டார் கொடுத்தேன். நிர்மலாவுக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டாயிரத்து ஏழில் பிரெஞ்சு கான்சல் ஆபீஸிலிருந்து தடிமனான ஒரு கவர் வந்தது. நான் அந்தக் கவர்களைப் பிரிக்கிற வழக்கமில்லை. வேலைசெய்யும் மேஜையின் ஆட்டத்தை நிறுத்த அவற்றைக் காலுக்கு அடியில் வைப்பேன். இது கனமாக இருந்ததால் பிரித்தேன். உள்ளே இரண்டு முகங்கள். பிரான்சு ஜனாதிபதித் தேர்தல். முதல் சுற்று முடிந்து, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மிஞ்சியிருந்தார்கள். முதல் சுற்றுக்கான கவர் மேஜைக் காலுக்கு அடியில் இருந்தது.

காயிலை அப்படியே போட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினேன். "எனக்கும் ஓட்டு இருக்கு!" என்று அந்த இரண்டு முகங்களையும் பெஞ்சில் விரித்தேன்.

கலியபெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நியாயஸ்தர். கண்டக்டராக இருந்த காலத்தில் பாதிக் கிழிந்த நோட்டைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மறுப்பாராம்.

"ஓட்டு எந்த ஊரு ஓட்டா இருந்தா இன்னா?" என்றார் கடைசியில். "போட்டுட்டு வாங்க முசியே. அதுக்கப்பறம் இந்தியாவப் பத்தி எவ்ளோ வேணா பேசுங்க. எவனும் வெரலத் தூக்கமாட்டான்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கவர், ஒரு பெட்டி. போட்டுவிட்டால் என் வாய் எனக்கு.

அடுத்த வாரம் முழுக்க முதலியார்பேட்டையில் பிரான்சு தேர்தல்தான். செல்வாம்பாள் அந்த அம்மாவுக்குத்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "பொம்பள ஒருத்தி நின்னுருக்கா. பாத்தாலே தெரியுது, வூட்டையும் பாத்துக்கினு நாட்டையும் பாத்துக்குவா. கண்ண மூடிக்கினு போடுங்க." பாரீசில் இருக்கிற தன் மச்சானுக்கு ஜமால் பாய் போன் போட்டு, வெளியூர்க்காரர்களுக்கு யார் நல்லது என்று விசாரித்து வந்தார். கலியபெருமாளுக்கு அந்த ஆண் வேட்பாளரைப் பிடிக்கவில்லை. "மூஞ்சி செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரியே இருக்குது" என்றார். மறுநாள், கண்டிப்பான ஆள் வந்தால்தான் வண்டி நேரத்துக்குப் போகும் என்று அந்த ஆளுக்கே மாறினார். மோட்டார் எடுக்க வந்தவர்கள், பால்காரர், எதிர்வீட்டு வாத்தியார் என்று ஆளாளுக்கு ஒரு கருத்து.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க யாருக்காவது அங்க ஓட்டு இருக்குதா?" என்று விரலைத் தூக்கினேன். "நீங்கல்லாம் எப்பிடிப் பேசலாம்?"

"நாங்க உங்க நல்லதுக்குத்தான சொல்றோம்" என்றார் கலியபெருமாள், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

நானும் சும்மா இருக்கவில்லை. செல்வாம்பாள் அந்த அம்மாவைச் சொன்னால் நான் அந்த ஆளுக்காக வாதாடினேன். பாய் அந்த ஆளைச் சொன்னால் அந்த அம்மாவுக்காக வாதாடினேன். கலியபெருமாள் கட்சி மாறியபோது அவருக்கு எதிர்ப்பக்கமாக நானும் மாறினேன். பிரான்சுத் தேர்தலைப் பேசத் தடை இல்லையே. மூன்று வருஷப் பசி. ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் வாயாலேயே பலமுறை ஓட்டுப் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிர்மலா சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள். நான் டி.வி.எஸ்-ஐக் கிளப்பும்போது வாசலில் நின்று, "வெறும் பையோட வந்துடாதீங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

கடற்கரையோரம் கான்சல் ஆபீஸ் வாசலில் நீளமான வரிசை. என் அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நெஞ்சில் மெடல் குத்திய கிழட்டுச் சிப்பாய்கள், பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக அம்மாக்கள், பாரீசிலிருந்து லீவில் வந்த பையன்கள். எல்லோரும் என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு பேசினார்கள். நான் முன்னால் நின்றவரிடம் போன்ழூர் சொல்லிவிட்டு மிச்சத்தைத் தமிழில் வைத்துக்கொண்டேன்.

அங்கே பொத்தான் வைத்த மெஷின் கிடையாது. ஒரு மேஜை. அதில் இரண்டு அடுக்காகச் சீட்டுகள், ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பெயர். பக்கத்தில் சின்ன நீலக் கவர்கள். இரண்டு அடுக்கிலிருந்தும் ஒவ்வொரு சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு கவர் எடுத்துக்கொள்ள வேண்டும், திரைக்குப் பின்னால் போய் வேண்டிய சீட்டைக் கவருக்குள் வைக்க வேண்டும். வேண்டாததைப் பையில் போட்டுக்கொள்ளலாம், கசக்கி எறியலாம். மேஜையருகே நின்ற தமிழம்மா இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன். பெஞ்சு அகலம்கூட இல்லாத இடம். கையில் இரண்டு சீட்டு.

யாருக்குப் போடுவது?

சத்தமே இல்லை. செல்வாம்பாள் இல்லை, பாய் இல்லை, கலியபெருமாள் இல்லை. அந்த அம்மாவை நினைத்தேன். நல்லவர்தான் என்று தோன்றியது. அந்த ஆளை நினைத்தேன். அவரும் பரவாயில்லை என்று தோன்றியது. வாரம் முழுக்க நான் பேசிய வாதங்களை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். எல்லாமே யாருக்கோ சொன்ன பதில்கள். அவர்கள் சொன்னதை எடுத்துவிட்டால் என்னுடையது நிற்கவில்லை. ஐம்பத்தேழு வயதில், ஒரு திரைக்குப் பின்னால், எதிர்த்துப் பேச ஆள் இல்லாவிட்டால் எனக்குக் கருத்தே வராது என்று தெரிந்தது. வியர்த்துக் கொட்டிவிட்டது.

பெயரையாவது சரியாகப் படிப்போம் என்று கண்ணாடியைத் தேடினேன். கைக்கு இடமில்லாமல் சீட்டுகளைச் சட்டைப் பையில் செருகிவிட்டுக் கண்ணாடியை எடுத்தேன். அது கீழே விழுந்தது. குனிந்தேன், தலை பலகையில் இடித்தது. வெளியே யாரோ இருமினார். இந்தியாவிலாகட்டும் பிரான்சிலாகட்டும், வரிசையில் நிற்பவர் இருமினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவசர அவசரமாகக் கவரை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் நீலக் கவர் விழுந்தது. பெட்டிக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரர் என் முழுப் பெயரையும் கடித்துக் குதறிச் சொல்லிவிட்டு, "அ வோத்தே!" என்று உரக்கக் கூவினார். ஓட்டுப் போட்டுவிட்டார் என்று அர்த்தமாம். கூடமே கேட்டது. என் வாழ்நாளில் எனக்காக இன்னொருவர் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போட்டேன். பிறகு விரலை நீட்டினேன்.

"என்ன வேணும் முசியே?" என்றார் தமிழம்மா.

"மை."

"இங்க மை வைக்கிறதில்ல."

எனக்குத் திக்கென்றது. மை இல்லாமல் கலியபெருமாள் முகத்தில் எப்படி விழிப்பது? யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். அப்புறம்தான் மிச்சச் சீட்டு ஞாபகம் வந்தது. போடாத சீட்டு பையில் இருக்கிறது அல்லவா? மையைவிட அசைக்க முடியாத சாட்சி. டி.வி.எஸ்-ஐ முறுக்கிக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் பறந்தேன்.

கடையில் நல்ல கூட்டம். விஷயம் பரவியிருந்தது. கலியபெருமாள் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"மை எங்க?"

"பிரான்சுல மை கெடயாது. அங்க மனுஷன நம்புவாங்க" என்றேன், பிரான்சைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் மாதிரி. "இதோ பாருங்க, போடாத சீட்டு."

சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். ஒன்று கையோடு வந்தது. இன்னொன்று அதோடு ஒட்டிக்கொண்டு வந்து, செல்வாம்பாளின் பஜ்ஜித் தட்டின்மேல் விழுந்தது.

கலியபெருமாள் அதை எடுத்து எண்ணெயைத் துடைத்தார். இதையும் பார்த்தார், அதையும் பார்த்தார். கண்டக்டர் கண்.

"ரெண்டு சீட்டும் இங்க இருக்குதே. அப்ப பொட்டிக்குள்ள இன்னா போச்சி?"

"கவரு" என்றேன்.

எதிர்வீட்டு வாத்தியார் முதலில் வாய் திறந்தார். "ரெண்டு பேரும் லாயக்கில்லன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. பெரிய எதிர்ப்பு சார் அது!" கூட்டத்தில் ஒரு மரியாதை பரவியது. பால்காரர் தோளிலிருந்து துண்டைக்கூட எடுத்துவிட்டார். அப்படியே விட்டிருந்தால் அன்றைக்கு நான் முதலியார்பேட்டையின் தியாகி. மூன்று விநாடி தியாகியாக இருந்தும் பார்த்தேன். தாங்கவில்லை.

"அதெல்லாம் இல்லீங்க. கண்ணாடி கீழ விழுந்துச்சி. மறந்துட்டேன்."

அப்போது எழுந்த சிரிப்பு கடலூர் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ஜமால் பாய் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். செல்வாம்பாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். உள்ளே வலித்தது. இருந்த ஒரு வாய்ப்பும் போயிற்று, இனி செத்தாலும் இந்தப் பெஞ்சில் பேசமுடியாது என்று நினைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் பாய்தான் கேட்டார். "இப்ப இவரு ஓட்டுப் போட்டாரா, போடலியா?"

எல்லோரும் கலியபெருமாளைப் பார்த்தார்கள். அவர் சீட்டுகளை மடித்து என் பையிலேயே வைத்தார். "போனாரு. வரிசையில நின்னாரு. கையெழுத்துப் போட்டாரு. டிக்கெட் எடுத்துட்டு எறங்கவேண்டிய எடத்துல எறங்காம வுட்டவன, டிக்கெட் எடுக்காதவன்னு சொல்லமுடியுமா? பேசட்டும்."

"பேசுங்க" என்றாள் செல்வாம்பாள். பெஞ்சைத் துடைத்து, போர்டுக்குக் கீழே என் இடத்தைக் காட்டினாள்.

உட்கார்ந்தேன். மூன்று வருஷம் காத்திருந்த நேரம். கூட்டம் என் வாயைப் பார்த்தது. யாரும் விரலைத் தூக்கவில்லை. யாரும் குறுக்கே பேசவில்லை.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

திரைக்குப் பின்னால் இருந்த அதே அமைதி. தொண்டையைக் கனைத்தேன். "நாடு வந்து..." என்றேன். நாடு எங்கேயும் வரவில்லை. டீயை ஒரு வாய் குடித்தேன். பால்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாரானார். வாத்தியார் மணி பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, ஜமால் பாய் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

கலியபெருமாள் ரோட்டைப் பார்த்தபடி மெல்ல ஆரம்பித்தார்.

"என்னக் கேட்டா, இந்த நாட்டுக்கு எலெக்சனே வேணாம். தண்டச் செலவு. மிலிட்டரி கையில குடுத்துட்டு அவன் அவன் வேலையப் பாக்கணும்."

"யோவ்!" என்று எழுந்துவிட்டேன். "இன்னாய்யா பேசற? மிலிட்டரியா? பக்கத்து நாடு இன்னா கெதியில இருக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

"சோத்துக்கு வழி பண்ணா போதும். ஓட்டு இன்னாத்துக்கு?" என்றார் அவர்.

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. ஓட்டில் ஆரம்பித்து, நெருக்கடி நிலைக்குப் போய், எங்கள் ஊர்ப் பஞ்சு மில்லுக்குப் போய், வோல்டேஜுக்கு வந்தேன். நான் ஒன்று சொன்னால் அவர் அதைவிட அநியாயமாக ஒன்று சொன்னார். வாத்தியார் மறுபடி உட்கார்ந்தார். பால்காரர் கேனை இறக்கிவைத்தார். செல்வாம்பாள் இரண்டு முறை டீ போட்டாள். விளக்குப் போடும் நேரம் வரை பேசினேன்.

டி.வி.எஸ்-ஐத் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்பும்போதுதான் உறைத்தது. காலில் மாவுக்கட்டோடு வந்து ஓட்டுப் போட்ட மனுஷன். தேர்தலே வேண்டாம் என்று அவர் வாழ்நாளில் ஒருநாளும் நினைத்திருக்கமாட்டார். மை வைத்த விரலை மோதிரம் மாதிரி நீட்டிக்கொண்டு திரிகிறவர், ஊர் பார்க்க, தன் வாயாலேயே தன் கட்சிக்கு எதிராகப் பேசினார். எனக்கு எதிர்க்க ஓர் ஆள் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன். கண் கலங்கிவிட்டது. அவரை யோவ் என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

நிர்மலா வாசலில் நின்றிருந்தாள். இருபத்தைந்து வருஷமாக நான் அவளை மறித்துக் கேட்ட அதே இடம்.

"யாருக்குப் போட்டீங்க?" என்றாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தது. காற்றுதான் வந்தது.

"சரி, சரி. ரகசியமாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, எனக்கு வெந்நீர் வைக்க உள்ளே போனாள்.